பேனா என்னிடம், மூடி அவரிடம்

பழைய பேனாக்கள் செய்த எபோனைட் என்கிற கெட்டி ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் ஒரு வாடை வரும். தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்ததும் வருமே, அதில் பாதி. மழையில் நனைந்த சைக்கிள் டயரில் மீதி. பழைய பேனா சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படித் தேய்த்து முகர்கிற வியாதி உண்டு. கடையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இருக்காது. குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படிக்கட்டுச் சந்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற ரஃபீக் பாய், பெரிய சைஸ் மூடி ஒன்று வந்திருக்கிறது என்று போன் செய்ததும் கிளம்பிப் போனேன். மூடியை மூக்கருகே கொண்டுபோனவன், அதன் கிளிப்பைப் பார்த்ததும் அப்படியே பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க சார், பிரஷருங்களா?" என்று பாய் தண்ணீர் எடுத்து வந்தார்.

பிரஷர் எனக்கு உண்டுதான். ஆனால் அன்றைக்கு அது காரணமில்லை. அந்த மூடியை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு சவப்பெட்டிக்குள். அந்தப் பெட்டியை ஆணி அடித்து மூடியதைப் பார்த்தவன் நான். குழியில் ஒரு பிடி மண்ணும் போட்டிருக்கிறேன். அப்படிப் போன சாமான், ஓட்டைக் கெட்டிலுக்கும் முள் போன கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு தகர டப்பாவில் கிடக்கிறது என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மூடிக்கு உரியவர் தேவசகாயம் சார். மஞ்சூருக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்தபோது அவர் அங்கே ஹெட் கிளார்க். வீடு குன்னூரில், சனிக்கிழமை பஸ்ஸில் போய் ஞாயிறு பூசை பார்த்துவிட்டுத் திரும்புவார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, சட்டைப் பாக்கெட்டை. உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏற ஏற, பேனாவுக்குள் இருக்கிற காற்று விரிந்து இங்க்கை வெளியே தள்ளிவிடும் என்பது சமவெளிக்காரனுக்கு எங்கே தெரியும்? "பாதி இங்க்கோட மலை ஏறக்கூடாதுங்க தம்பி. ஒண்ணு நெறைய இருக்கோணும், இல்லீன்னா காலியா இருக்கோணும்" என்றார். பிறகு கொஞ்ச நாளிலேயே, எஸ்டேட்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் பாக்கெட்டைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன்.

அவருடைய பேனா கட்டைவிரல் தடிமன் இருக்கும். கறுப்பு எபோனைட். கழுத்தைக் கழற்றி, சொட்டுச் சொட்டாக இங்க் ஊற்ற வேண்டிய பழைய ரகம். நிப்பின் முனையை யாரோ பட்டையாகவும் சாய்வாகவும் தேய்த்திருந்தார்கள். கீழே இழுத்தால் தடிமனான கோடு, பக்கவாட்டில் போனால் மயிரிழை. எஸ்டேட்டில் கல்யாண வாழ்த்து, பள்ளிக்கூடப் பரிசுப் பத்திரம், ஊருக்குக் கிளம்புகிற துரைக்கு வாசிக்கிற உபசாரப் பத்திரம் எல்லாம் அவர் கையெழுத்தில்தான். அவர் எழுதிய 'ழ'வைப் பார்த்தால் நாக்கைச் சுழற்ற வராதவனுக்கும் சொல்லிப் பார்க்க ஆசை வரும். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதிய பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிய, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பேனாவின் சொந்தக் கிளிப் எப்போதோ உடைந்துபோய், ஃபாக்டரி ஃபிட்டர் ஒருவர் இலை உருட்டுகிற மேஜையின் பித்தளைப் பட்டையில் மிஞ்சிய துண்டை வெட்டி ஒரு கிளிப் செய்து கொடுத்திருந்தார். அது லேசாக இடது பக்கம் கோணியிருக்கும். உலகத்தில் அப்படி ஒரு கிளிப் வேறெங்கும் இருக்க வழியில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. அந்தக் காலத்தில் யாராவது பேனா இரவல் கேட்டால், மூடியைக் கழற்றி நாம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்போம். மூடியில்லாத பேனாவை எவனும் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு போய்விட முடியாது. வந்துதான் ஆக வேண்டும். எல்லோரும் செய்கிறதுதான் என்றாலும் தேவசகாயம் சார் இதில் பிடிவாதக்காரர். துரை கேட்டாலும் மூடி அவர் பாக்கெட்டில்தான் இருக்கும். பேனா திரும்பி வரும்வரை அந்தப் பித்தளைக் கிளிப் மட்டும் பாக்கெட்டில் மினுங்கிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பேனா முழுசாக இருப்பதாகத்தான் தோன்றும்.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பரிசுப் பத்திரங்கள் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள், ஃபாக்டரியிலிருந்து ஆள் வந்து அவரைக் கூப்பிட்டான். மிச்சப் பெயர்களை என்னை எழுதச் சொல்லிவிட்டு, வழக்கம்போல மூடியைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு பேனாவை நீட்டினார். அவர் பேனா என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான் பெருமையோடு ஒரு பெயரைப் பாழாக்கிக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. ஃபாக்டரிப் படிக்கட்டில் ஏறும்போது சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எஸ்டேட் வேனில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் பேனாவைக் கீழே வைக்கவும் தெரியாமல் சொருகவும் முடியாமல், கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன்.

மறுநாள் அடக்கத்துக்கு நிப்பில் காகிதம் சுற்றி எடுத்துப் போனேன். அவர் சம்சாரம் ரோஸ்லின் அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "அவரே உங்க கையில குடுத்துட்டுப் போனதுங்க தம்பி. நீங்களே வெச்சுக்குங்க" என்றார். பிறகு பெட்டியருகே போய், முந்தின நாள் சட்டையிலிருந்து எடுத்து வைத்திருந்த மூடியை சாரின் கோட்டுப் பாக்கெட்டில் சொருகினார். "பாக்கெட்டு வெறுமையா இருந்தா அவராவே தெரியல" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். கிளிப் மினுங்கியது. மகள் ஸ்டெல்லா அப்போது பாவாடை தாவணிப் பெண். அப்பா தன் பேனாவோடு போகிறார் என்றுதான் அவளும் ஊராரும் நினைத்தார்கள். உள்ளே பேனா இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அக்காவும் நானும்.

நான் பேனா சேர்க்க ஆரம்பித்த கதை இவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது ஒரு மூடி. மூடியில்லாத பேனா காய்ந்துபோகும். கொஞ்ச நாள் மருந்து பாட்டிலில் ஈரத்துணி போட்டு நிப்பை அதற்குள் நிறுத்திப் பார்த்தேன். துணி பூஞ்சை பிடித்தது. எங்கள் மூடுபனி அப்படி. பெல்ட்டு, செருப்பு, கல்யாண போட்டோ எதையும் விட்டுவைக்காது. பங்களா ஏலங்களிலும், ஊட்டி மார்க்கெட்டின் பழைய பேப்பர் கடைகளிலும், கூடலூர்ப் பக்கமும் தேடினேன். மூடியை மட்டும் எவன் விற்பான்? பேனாவோடு எடு என்பான். எடுத்து வந்து திருகினால் மரை ஒத்துவராது. இப்படியே பட்டை நிப்பு, சாய்வு நிப்பு, அழுத்தினால் விரிகிற நிப்பு என்று வீடு நிறைந்தது. ஈரம் தாக்காமலிருக்க எல்லாவற்றையும் அரிசி டின்னில் போட்டு வைத்தேன். ஒரு நாள் சோற்றில் நிப்பு கிடந்தது. இத்தனை பேனா வாங்கிய மனுஷன் எனக்கு ஒரு கடுதாசி எழுதியதுண்டா என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ரஃபீக் பாய் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, என் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திருகினேன். வழுக்காமல் ஏறி, கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இது எங்கிருந்து வந்தது பாய் என்று கேட்டேன். அவர் சாவகாசமாக, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னார்.

ரோஸ்லின் அக்கா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். எனக்குத் தெரியாது. கண் ஆபரேஷன் செய்துகொண்டு கோயம்புத்தூரில் மகன் வீட்டில் கிடந்தேன். மலையில் சமதரை ஏது? அதனால் இங்கே குடும்பக் கல்லறைகளை, அடுத்தவர் காலமாகும்போது மறுபடி திறப்பார்கள். முன்பு போனவரின் எலும்புகளை வெள்ளைத் துணியில் முடிந்து கால்மாட்டில் வைத்துவிட்டு, புதிய பெட்டியை இறக்குவார்கள். மோதிரமோ ஜெபமாலையோ கிடைத்தால் குழி வெட்டுகிறவர் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவார். அப்படித்தான் தேவசகாயம் சாரின் கல்லறையைத் திறந்தபோது இந்த மூடி கிடைத்திருக்கிறது. ஸ்டெல்லா கையில் கொடுத்திருக்கிறார் அந்த ஆள். பெயர் சவரிமுத்து.

"மூடி இருக்குது, பேனாவக் காணமுங்க சார். தங்க நிப்பாமா. அந்தாளு அமுக்கிட்டான்னு கோயில் வாசல்லயே பெரிய பேச்சாகி, வேலைய விட்டே அனுப்பிட்டாங்க" என்றார் பாய். கல்லறையிலிருந்து வந்ததை வீட்டில் வைக்கக் கூடாது என்று ஸ்டெல்லா மற்ற சாமான்களோடு இதையும் போட்டுவிட்டுப் போனாளாம்.

ஒரு மனிதர் திருடினார் என்று ஊர் சொல்கிற பேனா என் கையில் இருக்கிறது. அக்கா மண்ணுக்குள் போய்விட்டார். அது அந்தக் குழிக்குள் போகவே இல்லை என்று சொல்வதற்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன். அந்த நான், அரிசி டின்னைக் கிளறிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

நேராக ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். ரயில் பாதைக்குக் கீழே இருக்கிற அந்த வீட்டை விற்றாகிவிட்டது; அவள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். ரிட்டயர் ஆன டீச்சர் இப்போது. நான் பேனாவை எடுத்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள். ஆனால் முகம் மலரவில்லை.

"இது உங்களுக்கு எப்படிங்கண்ணா கெடச்சுது? அந்தாளு உங்ககிட்டத்தான் வித்தானா?" என்று கேட்டாள்.

தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் என்ன தப்பு? பழைய பேனாவுக்கு அலைகிற பைத்தியம் என்று மூன்று ஊரில் பெயர் வாங்கியவன் நான். திருட்டுப் பேனா போய்ச் சேர வேண்டிய இடம் என் வீடுதானே. அவள் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் தலையை அசைத்தாளே தவிர நம்பியதாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு எபோனைட்டின் இன்னொரு குணம் ஞாபகம் வந்தது. மூடியைக் கழற்றி, பேனாவுக்குப் பக்கத்தில் ஜன்னல் திண்டில் வெயில் படும்படி வைத்தேன். எபோனைட் ஈரத்தில் கிடந்தால் நிறம் மாறிவிடும். மூடி பால் விடாத தேநீர் நிறத்தில் வெளிறி, கிளிப்பின் இடுக்கில் பச்சைக் களிம்போடு இருந்தது. பேனாவோ அவள் அப்பா வைத்திருந்த அதே கறுப்பு. இரண்டும் ஒன்றாக மண்ணுக்குள் கிடந்திருந்தால் ஒன்றாகத்தானே வெளுத்திருக்கும்?

ஸ்டெல்லா வெகுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூடியை எடுத்துத் தன் புடவைத் தலைப்பில் துடைத்தாள். களிம்பு போகவில்லை. பிறகு அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்து, "அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணா. நான் அத்தன பேரு முன்னால அவரக் கேட்டுட்டனே" என்றாள்.

சவரிமுத்து, மகனோடு இருக்க நடுவட்டம் போய்விட்டார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ரோட்டோரத் தேநீர்க் கடையில் சவரிமுத்து வீடு எது என்று கேட்டேன். "யாரு, பேனா சவரியா? கடைசி லயம்" என்றார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே. குன்னூர் கோயில் வாசலில் ஒட்டிய பெயர் அவருக்கு முன்னாலேயே இத்தனை மைல் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்டெல்லா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

லயத்துக்கு வெளியே கம்பளித் தொப்பியோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார் அவர். சிலோனிலிருந்து வாலிப வயதில் வந்தவர். அந்தப் பேச்சு இன்னும் நாக்கில் இருந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்கா, உள்ளே போய்விடுவதற்கா என்று தெரியவில்லை. நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எனக்குக் கையெழுத்தே பெருவெரல்தான் ஐயா. பேனாவக் களவெடுத்து நான் என்ன செய்ய?" என்றார். பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "அந்த மூடிய மண்ணோட மண்ணாத் தள்ளியிருந்தா ஒரு ஆள் கேட்டிருக்க மாட்டாங்கம்மா. கழுவித் தொடச்சுக் கொண்டாந்து ஒங்க கையில குடுத்தன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச களவு."

ஸ்டெல்லா அழுதாள். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான். மறுபடி வேலைக்கு வரச் சொல்கிறேன், கோயில் கமிட்டியில் பேசுகிறேன் என்று அவள் சொன்னதற்கு, இனி எந்தக் குழியிலும் இறங்க மாட்டேன் என்றார். ஒன்றே ஒன்று கேட்டார். "எங்க வச்சுக் கேட்டீங்களோ, அங்க வச்சுச் சொல்லுங்க. நான் வந்து கேட்டுட்டுப் போறன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வந்ததும், அதே வாசல் படியில் நின்று ஸ்டெல்லா சொன்னாள். குரல் உடைந்தாலும் ஒரு வார்த்தையை விழுங்கவில்லை. நான் பக்கத்தில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏலம் போடுகிறவனைப் போல நின்றேன். கமிட்டிக்காரர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சவரிமுத்து கோயில் கேட்டுக்கு வெளியே, பெட்டியில் வைத்த மடிப்புக் கலையாத கோட்டு போட்டு நின்று, முழுவதையும் கேட்டார்.

செயலாளருக்கு என்ன தோன்றியதோ, இதை இப்போதே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம், யாரிடமாவது பேனா இருக்கிறதா என்று கேட்டார். அத்தனை பேரும் பாக்கெட்டைத் தடவினார்கள். எல்லோரிடமும் போன்தான் இருந்தது. என் கை தன்னாலே மூடியைத் திருகிக் கழற்றி, பேனாவை மட்டும் அவரிடம் நீட்டியது. அதைப் பார்த்து ஸ்டெல்லா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

அதற்குள் சவரிமுத்து கேட்டில் இல்லை. சொல்லாமல் போய்விட்டாரோ என்று நானும் ஸ்டெல்லாவும் வெளியே போய்ப் பார்த்தோம். அவர் கல்லறைத் தோட்டத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். வெகுகாலம் கூட்டிப் பெருக்கிய இடத்தை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டிருப்பார் என்று நினைத்துப் பின்னால் போனோம்.

இப்போது அங்கே காண்ட்ராக்ட். குழி வேண்டுமென்றால் போன் செய்தால் போதும், வண்டியில் ஆள்கள் சின்ன மெஷினோடு வந்து சுருக்காக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். தோண்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் தள்ளியிருந்தார்கள். மண்ணில் பாதிக்கு மேல் ஓடைப் பக்கம் வழிந்து போயிருந்தது. சவரிமுத்து அந்தக் குவியலின் முன்னால் அசையாமல் நின்றார். நாங்கள் நெருங்கிப் பார்த்தபோதுதான் ஏன் என்று தெரிந்தது. மண்ணுக்குள் இற்றுப்போன பெட்டிப் பலகையும், ஜெபமாலையின் மணிகளும், வெள்ளைத் துணியில் முடியப்பட்டிருக்க வேண்டியவையும் கலந்து கிடந்தன. அந்த ஆறேழு மாதத்தில் எத்தனை குடும்பக் கல்லறைகளைத் திறந்தார்களோ. ஸ்டெல்லா என் கையை இறுகப் பிடித்தாள்.

இனி எந்தக் குழியிலும் இறங்க மாட்டேன் என்றவர், கோட்டைக் கழற்றிக் குரோட்டன்ஸ் செடிமேல் போட்டார். கழுத்துத் துண்டை உதறி மண்மேல் விரித்தார். முட்டி போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் வைக்க ஆரம்பித்தார். நானும் ஸ்டெல்லாவும் குனிந்தோம். என் இடது கையில் மூடி இருந்ததால் ஒரு கையால்தான் பொறுக்க முடிந்தது.

நடுவில் அவர் ஒரு சட்டைப் பித்தானை எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலில் காட்டினார். கொடுத்துவிட வேண்டும் என்கிற பழக்கத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இத இனி யார் கையில குடுக்க ஐயா?" என்றார்.